பாலாற்று வெள்ளத்தில் ஒரு தென்னமட்டை, உடம்புக்குள் ஒரு மருந்து பம்ப்

வணக்கம் மக்களே! நூல் போல மெல்லிய ஒரு குழாய். உள்ளே மருந்து, கண்ணாடி மாதிரித் தெளிவாக. அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? வீடியோவை நிறுத்தி ஒரு நொடி யோசியுங்கள்.

பின்னணியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென் என்று ஒரு மருந்து. மாத்திரையில் பலன் போதாதவர்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன பம்ப் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவட நீருக்கே மருந்தை அனுப்புவார்கள். தீர்ந்தால் தோல் வழியாக ஊசி குத்தி நிரப்பலாம்.

சரி, இப்போது நம்ம வேலூர். 2021 நவம்பர் நினைவிருக்கிறதா? மணலாகக் கிடந்த பாலாறு கரை தொட்டு ஓடியதே! காட்பாடி போகும் பாலத்தில் நின்று வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கமெண்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள். வெறும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தால் வேகம் பிடிபடாது. ஒரு தென்னமட்டை மிதந்து வரட்டும். நடு ஆற்றில் வந்தால் சர்ரென்று பாலத்தைக் கடக்கும். கரையோரம் ஒதுங்கினால் தயங்கித் தயங்கி வரும். மட்டையைப் பார்த்தே ஆற்றின் எந்த இடம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஆய்வகத்திலும் அதே வேலைதான். மட்டைக்குப் பதில் ஒளிரும் சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் மணிகள். ஒரு மணி ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! பம்பின் நுண்குழாயைக் கண்ணாடி போன்ற மாதிரியாகச் செய்து, மணிகளை ஓடவிட்டு, மைக்ரோஸ்கோப் கேமராவில் அடுத்தடுத்துப் படம் எடுப்பார்கள். இரண்டு படத்துக்கு நடுவில் மணி எவ்வளவு தூரம் போனதோ, அதிலிருந்து வேகம் கிடைக்கும். இங்கேயும் நடுவில்தான் வேகம். சுவரை ஒட்டினால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். கோட்டை அகழி மாதிரி அசையாத நீரிலும் இந்த மணிகள் சும்மா இருக்காது, துடித்துக்கொண்டே இருக்கும்! 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வந்த துகள்களில் இதைப் பார்த்தார். நீர் மூலக்கூறுகள் மோதித் தள்ளுவதுதான் காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். அதைச் சோதித்துக் காட்டிய பிரெஞ்சு விஞ்ஞானி பெரினுக்கு 1926இல் நோபல் பரிசு. நீர்மம் கெட்டியாக இருந்தால் துடிப்பு குறையும். அதனால் துடிப்பை அளந்தே மருந்தின் கெட்டித்தன்மையைச் சொல்லலாம்.

இது எதற்கு என்கிறீர்களா? சர்க்கரை நோய்க்கான இன்சுலினையும் இப்படிப் பம்பில் அனுப்பியிருக்கிறார்கள். அது தேங்கினால் திரிந்து கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். உடம்புக்குள் வைத்த இன்சுலின் பம்புகளில் இது நிஜமாகவே பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. எந்த மூலையில் மணி நகராமல் நிற்கிறதோ, அங்கேதான் மருந்தும் தேங்கும். அந்த மூலையை வளைத்துவிட்டு, மறுபடி மணியை விட்டுப் பார்ப்பார்கள்.