கோபுரம் எரிந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி, பங்குனியில் நம் பழனி மலைச் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். எங்காவது புகை தெரிந்தால் போதும், ஊரே அண்ணாந்து பார்க்கும். காடு எரிவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்று பேச வந்தது ஒலிபரப்புக் கோபுரம் எரிந்தால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி.

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் பில்ஸ்டேல் என்ற இடத்தில், ஆளில்லாத மேட்டுப் புல்வெளியில் ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் இருந்தது. 1969-இல் கட்டியது, 300 மீட்டருக்கும் மேல் உயரம். 2021 ஆகஸ்ட் 10 அன்று அது தீப்பிடித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் திரை இருண்டது. பல பகுதிகளில் வானொலியும் நின்றுபோனது.

தீ அணைந்ததும் ஆட்கள் மேலே ஏறி, கேபிளை மாற்றி, மறுபடி ஓடவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். இவ்வளவு உயரமான கோபுரங்கள் பலவும் சொந்தக் காலில் நிற்பவை அல்ல. நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள்தான் அவற்றை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனா வரை ஃபீடர் கேபிள்கள் போகும், அவற்றின் உறையிலும் உள்ளேயும் பிளாஸ்டிக் இருக்கும். தீ அதைப் பிடித்துக்கொண்டால், கோபுரமே புகைபோக்கி போல அதை மேலே இழுத்துக்கொண்டு போகும். எஃகு 550, 600 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். வெளியே பார்க்க நேராக நிற்கும், ஆனால் எவ்வளவு தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதன்மேல் ஒரு தொழிலாளியை ஏற்றக் கூடாது, அடியில் நின்று வேலை செய்யவும் விடக் கூடாது. மாஸ்கோவின் ஒஸ்டான்கினோ கோபுரம் 2000 ஆகஸ்டில் எரிந்தபோது மூன்று உயிர்கள் போயின. அதை நினைத்தால் இந்த எச்சரிக்கை மிகையல்ல.

ஆகவே பில்ஸ்டேலில் பக்கத்திலேயே 80 மீட்டர் உயரத்தில் ஒரு தற்காலிகக் கோபுரம் எழுப்ப முடிவு செய்தார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் முடிந்துவிடும் என்றார்கள். முடியவில்லை. அது பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்கா நிலம், புதிய இடத்துக்குப் போகும் வழி இன்னொருவருக்குச் சொந்தம். பேச்சுவார்த்தை நீண்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அக்டோபர் 6-ஆம் தேதி பழைய கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள். 13-ஆம் தேதிதான் தற்காலிகக் கோபுரம் ஒளிபரப்பத் தொடங்கியது. நிரந்தரக் கோபுரம் வர 2023 ஆகிவிட்டது.

தீ எரிந்தது ஒரு நாள். மக்கள் காத்திருந்தது இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் பெரும் பகுதியைத் தின்றது இடமும் வழியும் அனுமதியும்தான். இதைத்தான் நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நம் ஊருக்கு வருவோம். கொடைக்கானல் உச்சிக்கும் சமவெளிக்கும் சுமார் 1,700 மீட்டர் வித்தியாசம். அந்த உயரத்திலிருந்து பண்பலை அலைக்குக் கணக்குப்படி 170 கிலோமீட்டர் வரை தடையில்லாத பார்வை கிடைக்கும். நம் கொடைக்கானல் வானொலியின் இந்த 100.5 அலைவரிசையை மதுரையிலும் தேனியிலும் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் உச்சி எங்கே இருக்கிறதோ, காடும் அங்கேதான். 2013-இலிருந்து நம்மைச் சுற்றி வனவிலங்கு சரணாலயம். வன நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் தேவை, சோலைக்காடு போனால் நமக்குத் தண்ணீரும் போகும். அதனால்தான் சொல்கிறேன், மாற்று இடம் எது, லாரி எந்த வழியாக ஏறும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் தீ வருவதற்கு முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும். வானொலிக்கும் சரி, செல்போன் கோபுரங்களுக்கும் சரி.

டிஷ்ஷும் செல்போனும் இருக்கும்போது கோபுரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்ததை நினைத்துப் பாருங்கள். மரங்கள் விழுந்து பாதை அடைபட்டது, மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாமல் டிஷ் வேலை செய்யாது. மன்னவனூரிலோ கூக்காலிலோ தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அப்போது பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றே வெளியுலகம்.

பில்ஸ்டேலிலும் அதிகம் தவித்தவர்கள் அப்படிப்பட்ட முதியவர்கள்தான். செயற்கைக்கோள் இணைப்பு வைத்திருந்த வீடுகள் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆன்டெனாவை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு மாற்று வழி தெரியவில்லை, சொல்லித்தரப் பக்கத்தில் ஆளும் இல்லை. ஆகவே ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் செல்போன் இல்லாத வீடுகள் எவை, தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் என்று இப்போதே எழுதி வையுங்கள். கோபுரம் நின்றுபோனால் அந்த வீட்டுக் கதவை யார் போய்த் தட்டுவது என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். கோபுரத்தைப் பராமரிப்பவர்கள் கோடை தொடங்கும் முன் அதன் அடியைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லை வெட்டி அகற்ற வேண்டும். இந்த இரண்டு வேலையையும் தை மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.