பாம்புக்கு எதற்கு ஸ்வெட்டர்?

[திரையில்: வட்டமான ஒரு பெட்டி. மூடி மெல்லத் திறக்கிறது.]

மகன் அனுப்பிய பிறந்தநாள் பரிசு. அம்மா ஆசையாகப் பிரிக்கிறார். உள்ளே பாம்பு!

டோமி உங்கெரர் எழுதி, படமும் வரைந்து 1958-ல் வெளிவந்த 'கிரிக்டர்' என்ற படக்கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிரான்சில் ஒரு சின்ன ஊர். அங்கே வயதான போடோ அம்மையார். மகன் ஆப்பிரிக்காவில் ஊர்வனவற்றை ஆராய்கிறவர். பரிசும் அந்த வகையிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

அம்மையார் அலறுகிறார். சரி, யாராக இருந்தாலும் அலறத்தான் செய்வார்கள். அடுத்து அவர் செய்வதுதான் வேடிக்கை. விஷப் பாம்பா என்று பார்க்க மிருகக்காட்சி சாலைக்குப் போகிறார். போவா வகை, விஷமில்லை. அவ்வளவுதான், வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது!

புட்டிப்பால் கொடுக்கிறார். சொந்தக் காட்டில் இருப்பதுபோல் இருக்கட்டும் என்று பனை வகை மரங்கள் வாங்கி வைக்கிறார். படுக்க நீளமான கட்டில். குளிர்காலம் வந்ததும் ஸ்வெட்டர்.

[திரையில்: பின்னல் ஊசிகள் அசைய அசைய, கம்பளி நீண்டுகொண்டே போகிறது. கை வைக்கும் வேலையே இல்லை.]

இங்கே பாம்பு எந்தக் கோமாளித்தனமும் செய்யவில்லை. அம்மையாரும் ஜோக் அடிக்கவில்லை. பிள்ளைக்குக் குளிருமே என்ற கவலை அவருக்கு நிஜம். நடக்கவே நடக்காத ஒன்றுக்கு, செய்ய வேண்டிய வீட்டு வேலைகளையெல்லாம் ஒருவர் பொறுப்பாகச் செய்கிறார். நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பார்த்தாயா, எவ்வளவு தமாஷ்!" என்று கதாசிரியர் நடுவில் கண்ணடித்திருந்தால் எல்லாம் போச்சு.

விலங்கியல்படி பார்த்தால் அந்த ஸ்வெட்டர் தண்டம். உடம்பில் உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் கம்பளியின் வேலை. போவா தன் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. பாலும் பாம்புக்கு உணவல்ல.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் உங்கெரர் நிஜப் பாம்பை விட்டு நகரவில்லை. இரவில் திருடன் புகுந்து அம்மையாரைக் கட்டிப்போடுகிறான். கிரிக்டர் அவனைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது, போலீஸ் வரும்வரை. போவாவின் ஆயுதமே அந்தச் சுற்றுதான்! பெட்டியைத் திறந்தபோது எதைப் பார்த்துப் பயந்தோமோ, அதுவே இப்போது காவல்.

பொருந்தாத விலங்கைத் துணையாக வைத்துக் கதை எழுத நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அதே நீள உடம்புதான் பள்ளிக்கூடத்தில் எழுத்தாகவும் எண்ணாகவும் வளைந்து நிற்கிறது. கிரிக்டர் இருந்த இடத்தில் ஒரு நாய்க்குட்டியை வைத்துப் பாருங்கள். கட்டில், எழுத்து, திருடன் எதுவுமே நிற்காது.

[திரையில்: மெடல், சிலை, பூங்கா. மூன்றும் கிரிக்டருக்கே.]

குழந்தைக்கு வாசித்துக் காட்டும்போது குரலில் கோமாளி வேஷம் வேண்டாம். செய்தி வாசிப்பதுபோல வாசியுங்கள். ஸ்வெட்டர் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கஷ்டம்தான்.