மாமியார் வீட்டில் கரண்ட் பில் கட்டுவது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். கைதியைத் திருத்துவது மூடிய சிறையா, திறந்தவெளிச் சிறையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய ஐயா, "கம்பி இல்லை, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கலாம். அது சிறையா, மாமியார் வீடா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். எந்த மாமியார் வீட்டில் ஐயா மருமகனைக் கரண்ட் பில் கட்டச் சொல்கிறார்கள்?

ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேர் திறந்தவெளிச் சிறையில் சொல்கிறார்கள். 1960களிலிருந்து நடக்கிற சிறை அது. பெரும்பாலோர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். அரசாங்கச் சோறு கிடையாது. காலையில் பேர் கூப்பிட்டதும் ஆஜர் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும். வாட்ச்மேனோ ஃபேக்டரியோ, கிடைத்த வேலை. "எங்கேப்பா தங்கியிருக்கே?" என்று முதலாளி கேட்டால், ஜெயிலில் என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கூலியில்தான் கோதுமை மாவு, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், கரண்ட் பில் எல்லாம். சாயங்காலம் பேர் கூப்பிடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பஸ் ஏறி ஓடிவிட நினைத்தால் ஓடிவிடலாம். ஆனாலும் தன் காலாலேயே ஜெயிலுக்கு நடந்து வருகிறான், தினமும்.

மத்திய சிறையில்? எழுப்ப மணி, சாப்பிட மணி, வெளிச்சம் இருக்கும்போதே லாக்கப். பெண்டாட்டி வெயிலில் காத்திருந்து மனு போட்டுப் பார்க்க வந்தால், பல இடங்களில் கம்பிவலைக்கு இருபுறமும் நின்று கத்த வேண்டும். பக்கத்தில் பத்துக் குடும்பம் கத்துகிறது. பதினாலு வருஷம் தன் கையால் ஒரு கதவைத் திறந்து சாத்தாதவன் வெளியே வந்து எதைச் சமாளிப்பான்?

"கொலைகாரனை அவிழ்த்து விடலாமா?" என்றும் கேட்டார். நேராக யாரும் அங்கே போவதில்லை ஐயா. ராஜஸ்தானில் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்து, நன்னடத்தையும் காட்டியிருக்க வேண்டும். சரி, அதுவரைக்கும் உங்கள் சிறையும் இருக்கட்டும். நம் சிவகங்கை புரசடைஉடைப்பு திறந்தவெளிச் சிறையில் விவசாயம் பார்ப்பவர்களும் அப்படி உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள்தான்.

அப்புறம் ஒன்று. சாங்கானேரில் விடுதலை ஆன பிறகும், வேலையும் பிள்ளைகள் படிப்பும் அங்கேயே அமைந்துவிட்டது என்று கிளம்ப மறுத்தவர்கள் உண்டு. இதில் மட்டும் மாமியார் வீட்டு வாசனை கொஞ்சம் அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.