யாருக்கு, எப்போது தெரியும்? – ஜான் ஹம்ஃப்ரிஸ் கேட்ட கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்டனின் அமைச்சர்கள் பலர் காலைச் செய்தி நேரத்தில் எதிர்கொள்ளத் தயங்கிய வேல்ஸ் நாட்டு ஒலிபரப்பாளர் ஜான் ஹம்ஃப்ரிஸைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

1943இல் கார்டிஃப் நகரின் ஸ்பிளாட் பகுதியில், மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 15 வயதிலேயே பள்ளியை விட்டு விலகி, ‘பெனார்த் டைம்ஸ்’ என்னும் உள்ளூர்ப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது, முதலில் அங்கு சென்று சேர்ந்த செய்தியாளர்களில் 23 வயது ஹம்ஃப்ரிஸும் ஒருவர். இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். சரிவுக்குக் காரணமான நீரூற்று மேட்டின் அடியில் ஓடியதை ஊரார் நன்கறிந்திருக்க, அது எவருக்கும் தெரியாத ஒன்று என்று சுரங்கங்களை நடத்திய அரசு நிலக்கரி வாரியத்தின் தலைவர் கூறினார். விசாரணை மன்றமோ வாரியத்தின் மீதே பழி சுமத்தியது. யாருக்கு, எப்போது தெரியும் என்று பதவியில் இருப்போரை விடாமல் துருவும் பழக்கம் ஹம்ஃப்ரிஸிடம் அங்குதான் வேரூன்றியது என்பது என் கருத்து.

பின்னர் பிபிசியின் செய்தியாளராக அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பணியாற்றிய அவர், 1987இல் பிபிசி வானொலியின் ரேடியோ 4 அலைவரிசையில் ‘டுடே’ என்னும் காலைச் செய்தி நிகழ்ச்சிக்கு வந்தார். விருந்தினரைப் பேசவிடாமல் குறுக்கிடுகிறார் என்ற புகார் கடைசிவரை அவரை விடவில்லை. அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

ஆனால் 2012 நவம்பர் 10 அன்று, தாம் பணிபுரிந்த பிபிசியின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விஸிலையே அவர் நேர்கண்டபோது, குரலை உயர்த்தத் தேவையே எழவில்லை. பிபிசி தொலைக்காட்சியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சி முன்னாள் அரசியல்வாதி ஒருவர் மீது தவறான பழி விழக் காரணமாகியிருந்தது. அது ஒளிபரப்பாகும் முன்பு உங்களிடம் யாரும் சொல்லவில்லையா, அதைப் பற்றிய பத்திரிகைச் செய்தியையாவது படித்தீர்களா என்று ஹம்ஃப்ரிஸ் படிப்படியாகக் கேட்கக் கேட்க, தெரியாது, படிக்கவில்லை என்ற பதில்களே வந்தன. பதவியேற்று 54 நாள்களே ஆகியிருந்த என்ட்விஸில் அன்றிரவே விலகினார். ஹம்ஃப்ரிஸ் 2019 செப்டம்பர் வரை அதே ஒலிவாங்கியின் முன் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.