பஞ்சாபிச் சட்டையிலை பொக்கற் வந்திட்டுது! என்னோடை திரியிற சாமானெல்லாம் இண்டைக்குக் காட்டுறன்

வணக்கம், வணக்கம் எல்லாருக்கும். பாருங்கோ. வடிவாப் பாருங்கோ. என்ரை கை எங்கை? காணேல்லை என்ன? பொக்கற்றுக்குள்ளை நிக்குது! பஞ்சாபிச் சட்டையிலை பொக்கற், அதுவும் ரெண்டு பக்கமும்!

வழமையா வாற ஆக்களுக்குத் தெரியும், இந்தப் பொக்கற் கதையை வைச்சு நான் எவ்வளவு கத்தியிருக்கிறன் எண்டு. தம்பியின்ரை ஜீன்ஸிலை அஞ்சு பொக்கற். அதிலை அந்தக் குட்டி ஒண்டு இருக்கெல்லோ, அது அந்தக் காலத்திலை சங்கிலி மணிக்கூடு வைக்கிறதுக்கு வந்தது. இப்ப ஆர் சங்கிலி மணிக்கூடு வைச்சிருக்கினம்? ஒருத்தரும் இல்லை. எண்டாலும் அவைக்கு அது இருக்கு. எங்களுக்குப் போன் வைக்க ஒரு ஓட்டை இல்லை.

டவுனுக்குள்ளை ஒரு கடையிலை கேட்டனான். "பொக்கற் வைச்சால் சட்டை வடிவு கெடும் பிள்ளை" எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினம். ஆற்றை வடிவு? சட்டையைப் போடுறது நான். பேந்து திருநெல்வேலிப் பக்கம் ஒரு அக்கா, வீட்டிலை வைச்சுத் தைக்கிறவா, "ஏன் ஏலாது, கொண்டாங்கோ" எண்டா. அந்த அக்காவுக்குக் கோடி புண்ணியம்.

இதிலை சிக்கல் என்னெண்டால், பஞ்சாபிக்கு இடுப்புக்குக் கீழை சைட் வெட்டு வரும்தானே. பொக்கற் அந்த வெட்டுக்கு மேலை தொடங்கோணும். சும்மா சைட் தையலிலை தொங்கவிட்டால் போன் பாரத்துக்குச் சட்டை ஒரு பக்கம் இழுபடும், வெட்டும் விரிஞ்சு நிக்கும். அக்கா என்ன செய்தவா, பொக்கற்றின்ரை மேல் விளிம்பிலையிருந்து ஒரு நாடாவை உள்பக்கத்தாலை கொண்டுபோய் முன் டாட்டோடை, அதுதான் உடம்புக்கு அளவாப் பிடிச்சுத் தைக்கிற மடிப்போடை, சேர்த்துத் தைச்சுவிட்டா. இஞ்சை, இந்தக் கோடு தெரியுதோ? பாரம் முழுக்க அந்த நாடாவிலைதான். என்ரை போன் 16 சென்ரிமீற்றர், பொக்கற் ஆழம் 19. ஸ்கூட்டியிலை குந்தினாலும் வெளியிலை வராது. லைனிங் துணியிலை மட்டும் தைக்க விடாதையுங்கோ, வழுக்கும், திறப்பு குத்தினால் கிழிஞ்சும் போகும். பொப்ளின் துணிதான் நல்லது.

கூலி 400 ரூபாய். ஒண்டுக்கு இல்லை, ரெண்டுக்கும்! 400 ரூபாய்க்கு இப்ப யாழ்ப்பாணத்திலை என்ன வரும், சொல்லுங்கோ? ஒரு கொத்துரொட்டி வருமோ? அம்மா சொல்லுறா 400 கூடவாம். அவவின்ரை விலையெல்லாம் இன்னும் பழைய காலத்திலைதான் நிக்குது. நான் 600 எண்டாலும் குடுத்திருப்பன். அக்கா, நீங்கள் இதைப் பாத்தால் அந்த 600 கதையை மறந்திடுங்கோ.

சரி, உள்ளை என்ன? வலப்பக்கம் போன் மட்டும். இடப்பக்கம் லேஞ்சி, வீட்டுத் திறப்பு, பேந்து இது. கொட்டப்பெட்டி! அம்மம்மா வெத்திலை பாக்கும் காசும் வைச்சு இடுப்பிலை செருகிக்கொண்டு திரிஞ்ச அதே சாமான். பனஞ் சார்வோலையிலை இழைச்சது. மூடி மேலாலை இறங்கி இறுக்கிப் பிடிக்கும். சிப் இல்லை, பட்டன் இல்லை, பழுதாப் போறதுக்கு ஒண்டுமே இல்லை. மிச்சக்காசுக்கு ரொபி தாற கடைக்காரர் கனபேர் இருக்கினம் எல்லோ, அவைக்கு முன்னாலை இதைத் திறந்து சரியா எண்ணிக் குடுக்கிற சந்தோசம் இருக்கே! பாங்க் காட் இதுக்குள்ளை போகாது. காட்டின்ரை நீளம் 85.6 மில்லிமீற்றர், என்ரை பெட்டி அதுக்குச் சின்னன். அதாலை லைசன்ஸ், ஐசி, பாங்க் காட் எல்லாம் ஹாண்ட்பாக்கிலை.

ஆ, சொல்ல மறந்திட்டன், அந்த 400இலை துணிக்காசு சேராது. துணி நான் குடுத்தது, பழைய தலகாணி உறை. இல்லாட்டி அம்மா கொமன்றிலை வந்து எழுதுவா.

இனி ஹாண்ட்பாக். பனடோல் ஒரு காட், சேப்டி பின், பேனை. சாதாரணப் பேனைதான். வெளிநாட்டு வீடியோக்களிலை காட்டுற, கார்க் கண்ணாடி உடைக்கிற டைட்டானியம் பேனை எனக்கு என்னத்துக்கு? நான் ஆற்றை கண்ணாடியை உடைக்கப் போறன்? எனக்கு அந்த வீடியோக்களைக் கண்ணிலை காட்டேலாது. படிவம் நிரப்பேக்கை பக்கத்திலை நிக்கிறவர் "தங்கச்சி, பேனை இருக்கோ" எண்டு கேப்பார், அவருக்குக் குடுக்கத்தான் என்ரை பேனை.

பவர் பாங்க். போன வீடியோவுக்குக் கீழை கனபேர் கேட்டிருந்தியள், 10,000 mAh (மில்லி அம்பியர் மணி) எண்டு போட்டிருக்கு, போன் பற்றரி 5,000, ஏன் ரெண்டு தரம் சார்ஜ் ஏறுதில்லை எண்டு. உள்ளை இருக்கிற செல் 3.7 வோல்ற். கேபிளாலை வாறது 5 வோல்ற். 10,000 எண்டது செல்லின்ரை கணக்கு. 5 வோல்ற்றுக்கு மாத்திப் பாத்தால் 7,400தான், அதிலையும் கொஞ்சம் சூடாப் போயிடும். ஒண்டரைத் தரம் ஏறினால் சந்தோசப்படுங்கோ, கடைக்காரரோடை சண்டைக்குப் போகாதையுங்கோ. பலாலி எயார்போட்டாலை சென்னை போற ஆக்கள் இதைக் கைப்பையிலைதான் வைக்கோணும், லகேஜிலை போட விடாயினம். வில்லுக்கத்தி அதுக்கு நேர் எதிர், அதை லகேஜிலைதான் போடோணும்.

சின்ன ரோச் ஒண்டு. இது அம்மாவின்ரை கட்டளை. போனிலை லைற் இருக்கு எண்டு சொன்னால் அவவுக்குக் கோவம் வரும். 90களிலை சண்டை நேரம் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம், இஞ்சை பற்றரி வரவிடாயினம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் அவையள். நாங்களும் 2022 பங்குனிக் கடைசியிலை ஒரே நாளிலை 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தம்தானே. அதாலை ரோச் விசயத்திலை நான் வாய் திறக்கிறேல்லை.

துணிப்பை, மடிச்சு. 2025 நவம்பர் 1இலையிருந்து கைபிடி வைச்ச பொலித்தீன் பை கடையிலை சும்மா தரக்கூடாதெல்லோ. நல்ல சட்டம். ஆனால் பையை வீட்டிலை விட்டிட்டுச் சந்தைக்குப் போனால்தான் வெண்டிக்காய் மலிவா இருக்கும், கவனிச்சனீங்களோ?

கடைசி, குடை. இதிலைதான் இன்னும் இழுபறி. அஞ்சு மடிப்புக் குடை பாக்குக்குள்ளை வடிவா அடங்கும், ஆனால் சோழகக் காத்து ஒருக்கா அடிச்சால் மறுபக்கம் பிரண்டிடும். மூண்டு மடிப்பு காத்துக்கு நிண்டு பிடிக்கும், ஆனால் பாக் சிப்பைப் பூட்டேலாது, தலையை நீட்டிக்கொண்டு நிக்கும். நான் மூண்டு மடிப்புக் கட்சி. அஞ்சு மடிப்புக்காரர் கீழை வந்து எழுதுங்கோ, வாசிச்சுப்போட்டு ஒவ்வொருத்தருக்கும் மறுமொழி தருவன். ஓம் அம்மா, வாறன்!