ஒரு பானைச் சோறும் 786 கிலோமீட்டர் உயரமும்

அவைத் தலைவர் அவர்களே, கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் அவர்களே, உழவர் உதவியகத்திலிருந்து வந்திருக்கும் அலுவலர்களே, களத்துமேட்டை ஒழித்துக் கொடுத்த பாகூர்ப் பெரியவர்களே, இடமின்றி நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே, வணக்கம்.

நெல்லில் ஏறும் ஆர்சனிக் என்னும் பாடாணத்தைச் செயற்கைக்கோள் கண்டுபிடிக்குமா என்பதில் மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அது பயிருக்குள் எப்படிப் போகிறது, வானிலிருந்து எப்படித் தெரிகிறது, அரிசிக்கு வரம்பு என்ன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆர்சனிக் அந்தக் கணக்குக்கு அடங்காது. வங்காளத்தில் ஒரு குழாய்க் கிணற்றில் இருக்கும் நஞ்சு, கூப்பிடு தூரத்துக் கிணற்றில் இல்லாமலும் போகும்.

தேங்கிய நீரில் மண்ணுக்குக் காற்று அற்றுப்போகும்போது, இரும்போடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் கரைந்து வெளிவருகிறது. நெல்வேர் அதைச் சிலிக்கா என்று நம்பி உறிஞ்சுகிறது. 2015இல் ஏவப்பட்டு, 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 அந்த நஞ்சைப் பார்ப்பதில்லை. பச்சையம் குன்றிய பயிர், சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் சேரும் விளிம்பில் வேறுவிதமாக ஒளிர்வதை, இருபது மீட்டர்ச் சதுரமாக, அதாவது நம் கணக்கில் பத்து சென்ட்டை ஒரு கட்டமாக, அது பதிவுசெய்கிறது.

போன சம்பாவில் என் பேரன் கணினியில் அந்தச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, "தாத்தா, வாய்க்கால் ஓரம் ஒரு கட்டம் சிவந்து கிடக்குது" என்றான். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. விடியுமுன் டார்ச் விளக்கோடு வரப்பில் ஓடி, வழுக்கி விழுந்து, வேட்டியெல்லாம் சேறாகப் போய்ப் பார்த்தால், பயிர் கத்தரித்தாற்போல் நிற்கிறது, நடுவே சாணம். பங்காளி வீட்டு எருமைகள் இரண்டு இரவாக மேய்ந்திருக்கின்றன. கேட்டதற்கு, "எருமை மேஞ்சதைப் பார்க்க ராக்கெட்டா விட்டே?" என்றார் அவர்.

அவர் கேட்டது நியாயம். வாட்டம் தெரியும், காரணம் தெரியாது. எந்தச் சோற்றை எடுத்து நசுக்க வேண்டும் என்று செயற்கைக்கோள் காட்டலாம். நசுக்கிப் பதம் பார்ப்பது ஆய்வகத்தில்தான். வரம்பைப் பற்றி, தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால், ஒரே வரி: தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக் என்று, உணவுத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் 2014இல் வகுத்தது.

நான் விடாமல் பேசிவரும் காரியத்துக்கு வருகிறேன். வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் ஆர்சனிக் ஏறுவது குறையும். கேட்டபோது தண்ணீர் வரும் என்ற உறுதி இருப்பவன்தானே வயலைக் காயவிடுவான்? சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாரி, ஏரி நீரை முறைவைத்து விடுங்கள் என்று கேட்கிறேன். ஆணையர் அவர்களே, மனு என் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடப் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.