ஒரே நாளுக்குத் தயாராவதும் எழுபது நாளுக்குத் தயாராவதும்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பீரியடைசேஷன் பற்றிப் பேசலாம். வருஷம் முழுக்கச் செய்யும் பயிற்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த மாதத்தில் எதைச் செய்வது, எதைக் குறைப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதுதான் அது. ரொம்ப நாளாக ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது: "அண்ணா, நான் 800 மீட்டர் ஓடுகிறேன், என் ஃபிரண்டு காலேஜ் கபடி டீம், ரெண்டு பேருக்கும் கிரவுண்டில் ஒரே ஷெட்யூல்தான் கொடுக்கிறார்கள், இது சரியா?" சரியில்லை தம்பி. ஓட்டக்காரரின் வருஷம் ஒரு குறிப்பிட்ட நாளை நோக்கிப் போகிறது, அணியின் வருஷம் ஒரு போட்டியிலிருந்து அடுத்த போட்டிக்குப் போகிறது, இந்த ரெண்டையும் ஒரே தாளில் எழுதினால் ரெண்டு பேருமே கெட்டுப்போவார்கள்.

முதலில் ஓட்டக்காரருக்கு வருகிறேன். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு கோச் இருந்தார். ரோம் ஒலிம்பிக்ஸில் 1960 செப்டம்பர் 2ஆம் தேதி, ஒரே நாளில், அவரிடம் பயிற்சி எடுத்த பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் ஜெயித்தார்கள். இதில் என்னை அசரவைப்பது ஸ்னெல் செய்த பயிற்சிதான். அவருடைய ஓட்டம் ரெண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் அடித்தளம் போடும் மாதங்களில் லிடியார்ட் அவரை வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடவைத்தார், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆக்லாந்துக்குப் பக்கத்து மலைப்பாதையில் ஒரே மூச்சில் 35 கிலோமீட்டர். அது முடிந்த பிறகு சில வாரம் மேட்டில் ஓட்டம், அதற்கப்புறம்தான் டிராக்கில் வேகம், கடைசியில் அளவைக் குறைத்துப் போட்டிக்கு விடுவது. ஸ்னெல் 1961 டிசம்பரில் ஒரு முழு மாரத்தான் ஓடினார், 1962 ஜனவரி 27இல் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி உலக சாதனை, சரியாக ஒரு வாரம் கழித்து 800 மீட்டரை 1 நிமிடம் 44.3 விநாடியில் ஓடி இன்னொரு உலக சாதனை, ரெண்டுமே புல் டிராக்கில்!

நீங்கள் 160 கிலோமீட்டர் ஓடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை, பதினெட்டு வயதுப் பையனுக்கு அது வேண்டவே வேண்டாம். அவர் போட்ட வரிசையைப் பாருங்கள். அந்த வரிசை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விளாதிமிர் இசூரின் என்ற ஆய்வாளர் தொகுத்த கணக்கு உதவும்: ஒரு பயிற்சியை நிறுத்திய பிறகு அதன் பலன் உடம்பில் எத்தனை நாள் தங்கும் என்ற கணக்கு. தாக்குப்பிடிக்கும் திறனும் அதிகபட்ச பலமும் சுமார் 30 நாள் தங்கும். முழு வேகமோ ஐந்து நாள் போலத்தான், கூடக்குறைய மூன்று நாள். அப்படியென்றால் ஜூனில் உயிரைக் கொடுத்து அடித்த ஸ்பிரிண்ட் ஜனவரி மீட்டுக்கு, அதாவது தடகளப் போட்டிக்கு, எப்படி வந்து சேரும்? மெதுவாகக் கரைவதை முதலில் கட்டி, சீக்கிரம் கரைவதைப் போட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். நம் கிரவுண்டுகளில் வருஷம் பூரா 400 மீட்டரை எட்டு தடவை, பத்து தடவை என்று ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஓடவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது, பிள்ளைகள் ஆகஸ்டில் பிராக்டிஸில் பிரமாதமாக ஓடிவிட்டு மீட் அன்றைக்குக் கால் கனத்துப்போய் நிற்கிறார்கள்.

சரி, எப்படி எழுதுவது? பின்னாலிருந்து எழுதுங்கள். உங்கள் பெரிய மீட் ஜனவரி கடைசி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய ரெண்டு வாரம் அளவைக் குறைக்கும் காலம், அதை டேப்பர் என்கிறோம். அதற்கு முன்னால் ஆறு வாரம் டிராக் வேலை, அது டிசம்பர் தொடக்கத்துக்குப் போகிறது. அதற்கு முன்னால் நாலு வாரம் மேடும் ஜிம்மும், அது நவம்பர். அதற்கு முன்னால் பன்னிரண்டு வாரம் அடித்தளம், ஆக ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்தாக வேண்டும். இப்போது பாருங்கள், நவம்பரில் செமஸ்டர் பரீட்சை வருகிறது. அதை மறைக்காமல் தாளில் எழுதுங்கள். தூக்கமில்லாமல் படிக்கிற வாரம் உடம்புக்குக் கனமான வாரம்தான், அந்த வாரத்தை லேசான வாரமாக முன்கூட்டியே போட்டுவிட்டால் பிறகு குற்ற உணர்ச்சியும் இல்லை, காயமும் குறையும்.

டேப்பரில் இங்கே ரெண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். ஒரு கூட்டம் கடைசி நாள் வரைக்கும் அடித்து நொறுக்கும், இன்னொரு கூட்டம் பத்து நாள் முழு ரெஸ்ட் என்று படுத்துவிடும். 2007இல் லோரான் பொஸ்கே குழு பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் ரெண்டு வாரம், பயிற்சியின் அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, ஆனால் வேகத்தையும் வாரத்துக்கு எத்தனை நாள் என்பதையும் அப்படியே வைத்திருப்பது, இதுதான் நல்ல பலன் தந்தது. அதாவது ஆறு ரவுண்டு ஓடியவர் மூன்று ரவுண்டு ஓடுங்கள், அதே வேகத்தில், அதே கிழமைகளில்.

இப்போது கபடிக்கு வருகிறேன், உண்மையில் இங்கேதான் சிக்கல் அதிகம். 2024 ப்ரோ கபடி லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 18இல் ஆரம்பித்து டிசம்பர் 29இல் முடிந்தது, ஹைதராபாத், நொய்டா, புனே என்று மூன்று ஊர், லீக் சுற்றில் மட்டும் ஒவ்வொரு அணிக்கும் 22 போட்டி. சராசரியாக மூன்று நாளுக்கு ஒன்று. இதில் எந்த நாளைப் பார்த்து உச்சத்துக்கு வருவது? முதல் வாரத்தில் தோற்கும் புள்ளியும் கடைசி வாரத்தில் தோற்கும் புள்ளியும் பட்டியலில் ஒன்றுதான். எழுபது நாளும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்க வேண்டும், அதற்கு ஸ்னெல்லின் தாள் உதவாது.

ஃபுட்பாலில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. போர்ச்சுகலில் போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் வீட்டோர் ஃப்ராடே என்ற பேராசிரியர் உருவாக்கிய முறை அது. ஜோசே மொரீன்யோ என்ற கோச்சால் உலகத்துக்குத் தெரியவந்தது, அவருடைய போர்ட்டோ அணி 2004இல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தது. இந்த முறையில் அளவுகோல் வருஷம் இல்லை, வாரம். ஞாயிறு போட்டி என்றால் திங்கள் ஓய்வு, செவ்வாய் லேசாக, புதன் சின்ன இடத்தில் நின்று புறப்படும் கனமான வேலை, வியாழன் பெரிய இடத்தில் நீண்ட ஆட்டம், வெள்ளி குட்டி குட்டியாக வேகம், சனி லேசாக உடம்பை எழுப்பிவிடுவது. எல்லாமே பந்தோடு, அணி ஆடப்போகும் முறையோடு சேர்த்துத்தான், உடற்பயிற்சிக்கென்று தனி நேரம் கிடையாது. எனக்கு இது கபடிக்கும் பொருந்தும் என்று உறுதியான நம்பிக்கை உண்டு. ரெய்டு 30 விநாடி, ஒரு பாதி 20 நிமிஷம், அந்தத் தாளத்தில் இல்லாத ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தை சீசன் நடுவில் ஒரு ரெய்டருக்குக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

வாரத்துக்கு ரெண்டு போட்டி வந்தால் அந்தப் புதனும் வியாழனும் காணாமல் போய்விடும், அப்போது எதை விடுவது? ஜிம்மை முழுசாக விடாதீர்கள். நார்வேயில் ரோன்னெஸ்டாட் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஃபுட்பால் வீரர்களில் வாரத்துக்கு ஒருமுறை பலப் பயிற்சி செய்தவர்கள் சீசன் தொடக்கத்தில் இருந்த பலத்தையும் வேகத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தவர்களுக்குக் கால் பலமும் 40 மீட்டர் வேகமும் குறைந்தது. ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்!

அப்புறம் பெஞ்சில் உட்காருகிறவர்கள். இவர்களை யாருமே எழுதுவதில்லை. ஆடினவருக்குப் போட்டி மறுநாள் லேசான பயிற்சி, ஆடாதவரும் அவரோடு சேர்ந்து அதே லேசான பயிற்சியைச் செய்துவிட்டுப் போகிறார். இப்படி மூன்று வாரம் போனால் அவர் உடம்பு இறங்கிவிடும், திடீரென்று ஒரு நாள் முக்கியமான டிஃபெண்டருக்கு முட்டி வலி என்று இவரை உள்ளே இறக்கினால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். இதைப் பிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து ஒவ்வொருவரிடமும் "இன்றைக்கு எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள், அதை நிமிஷத்தால் பெருக்குங்கள். 60 நிமிஷம், கஷ்டம் 7 என்றால் 420. வாரக் கூட்டலில் ஆடினவர் 2000த்தைத் தாண்டி நிற்க, ஆடாதவர் 1100இல் நின்றால், போட்டி மறுநாள் காலையில் அவருக்குத் தனியாகக் கபடி விரிப்பில் ஒரு முக்கால் மணி நேர நல்ல ஆட்டம் வைத்துவிடுங்கள், நடு வாரத்தில் வைத்தால் அடுத்த போட்டிக்குக் களைப்போடு வருவார்.

சிறு மீட்டுகள் நிறைய ஓடுகிற தடகளப் பிள்ளைகள் இந்த அணித் தாளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். ஃபின்லாந்தின் லாசே விரேன் 1972லும் 1976லும் 5000, 10000 ரெண்டிலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர், நடு வருஷங்களில் பல ரேஸ்களில் சாதாரணமாகத் தோற்றிருக்கிறார். சின்ன மீட்டை அந்த வாரத்து டிராக் வேலைக்குப் பதிலாக ஓடுங்கள், அதற்கென்று தனி டேப்பர் வைக்காதீர்கள், தோற்கலாம் என்று அப்பா அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேதிகளை எழுதிய தாளைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், அடுத்த வீடியோவில் நாலைந்தை எடுத்து வாரம் வாரமாகப் பிரித்துக் காட்டுகிறேன்.